அமைதிக் காவல்

'அன்பார்ந்த குடும்ப உறுப்பினரே' என்று போன் கம்பெனியிலிருந்து செய்தி வந்தபோதே குஷன்காரர் உஷாராகியிருக்க வேண்டும். சொந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் அப்படி அழைப்பதில்லை. ஆனால் அவர் பஸ் பணிமனையில் கிழிந்த சீட்டுகளுக்கு மெத்தை மாற்றி ரெக்சின் தைக்கிறவர். 'யோவ்' என்றோ 'குஷன்' என்றோ மற்றவர்கள் கூப்பிட்டுத்தான் அவருக்குப் பழக்கம். கொஞ்சம் மகிழ்ந்துபோய் மீதியையும் படித்தார். அவருடைய பட்டன் போன் எந்த அலைவரிசையில் ஓடுகிறதோ, அந்த அலைவரிசைக்குக் கம்பெனி மாதக் கடைசியில் 'கௌரவ ஓய்வு' கொடுக்கப்போகிறதாம். அதற்குள் அவர் ஒரு புதுப் போனையும், இஷ்டப்பட்டால் ஒரு புதுக் கம்பெனியையும் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டுமாம். 'தேர்வு உங்களுடையது. தேர்ந்தெடுக்காவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும்' என்று செய்தி பாசத்தோடு முடிந்திருந்தது.

மற்றபடி அவருக்குப் போனில் பேச ஆள் கிடையாது. மனைவி இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. இருப்பது ஒரே மகள். இரண்டு ஊர் தள்ளிக் கட்டிக்கொடுத்திருந்தார். கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை. மகளுடைய போனை மாமியார் தினமும் வாங்கி, யார் பேசினார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று பார்ப்பாள். அம்மா பார்த்து முடித்தபின் புருஷன் பார்ப்பான். அப்பாவிடம் பேசியது தெரிந்தால், 'என்னத்தக் கோள் மூட்டினே' என்று ஆரம்பிக்கும். சில நாள் பேச்சோடு நிற்கும், சில நாள் நிற்காது. ஒருமுறை மனசு கேட்காமல் குஷன்காரர் சொல்லாமல் கொள்ளாமல் போய் வாசலில் நின்றார். நன்றாகத்தான் உபசரித்தார்கள். அவர் பஸ் ஏறிய பிறகு அந்த உபசாரத்துக்கெல்லாம் சேர்த்து மகள் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஒரு நாள் அவள் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டு, மூச்சு விடாமல் சொன்னாள்.

"அப்பா, நானா கூப்பிடாம நீங்க வராதீங்க. என் போனுக்கு அடிக்கவும் அடிக்காதீங்க. தினம் சாயங்காலம் நான் ஒரு ரிங் விட்டு கட் பண்ணிடறேன். நல்லா இருக்கேன்னு அர்த்தம். அடிச்ச நம்பர அழிச்சிடுவேன், யாருக்கும் தெரியாது. என்னிக்காவது அடுத்தடுத்து ரெண்டு தடவ அடிச்சேன்னா, உடனே வந்து என்னக் கூட்டிட்டுப் போயிடுங்க."

அன்றிலிருந்து குஷன்காரருக்கு நாள் என்பது அந்த ஒரு ரிங்தான். வேலை முடிந்ததும் கையில் ஒட்டிய பசையைக் கழுவிவிட்டு, தையல் மெஷின் மேல் போனை வைத்து எதிரில் உட்கார்ந்துகொள்வார். அது ஒரு தரம் கிணுங்கி அடங்கும். "சரிம்மா" என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்து வீட்டுக்குப் போவார். அந்த நேரத்தில் பணிமனையில் யாரும் சுத்தியலைத் தொடமாட்டார்கள். போர்மேன்கூடத் தும்மலை அடக்கிக்கொண்டு வெளியே போய்த்தான் தும்முவார்.

ஆகவே புதுப் போன் என்பது அவருக்கு விளையாட்டுக் காரியம் இல்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு, வெளுத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். அங்கே மூன்று கம்பெனிகளின் கண்ணாடி மாளிகைகள் ஒட்டி ஒட்டி நின்றன. பழைய கம்பெனியின் கதவைத் தள்ளியதும் மஞ்சள் டை கட்டிய ஓர் இளைஞன் எழுந்து கைகூப்பினான். குடும்ப ஆலோசகர் என்று நெஞ்சில் எழுதியிருந்தது.

"வாங்கப்பா. உங்கள கஸ்டமர்னு சொல்ல எங்களுக்கு அனுமதி இல்ல. வயசப் பாத்து அப்பா, அம்மா, அண்ணன்னுதான் கூப்பிடணும். என்ன மாதிரி போன் எதிர்பாக்கறீங்க?"

"ரிங் அடிச்சா காதுல விழணும் தம்பி. வேற ஒண்ணும் வேணாம்."

"அது கடைசியில பாத்துக்கலாம். முதல்ல உங்க கனவு என்னன்னு சொல்லுங்க."

குஷன்காரர் யோசித்தார். விடியற்காலையில் வந்த கனவில், எத்தனை ஸ்பிரிங் வைத்தாலும் ஒரு டிரைவர் சீட்டு அமுங்கிக்கொண்டே போனது. அதைச் சொன்னார். ஆலோசகன் அதை அப்படியே கணினியில் தட்டினான். 'பயணமும் சாகசமும் விரும்புகிறவர்' என்று கணினி கண்டுபிடித்தது. அவருக்குப் பொருத்தமான போன், நிலாவில் இருக்கும் பள்ளத்தைப் படம் எடுக்குமாம், ஆழக் கடலில் விழுந்தாலும் சாகாதாம்.

"கடலுக்கு நான் எதுக்கு தம்பி போறேன்?"

"அது உங்க தேர்வுப்பா. நாங்க அதுல தலையிடமாட்டோம்."

அடுத்து திட்டங்கள். 'பொன் வானம்', 'பொன் வானம் பிளஸ்', 'வானமே பொன்' என்று மூன்று. என்ன வித்தியாசம் என்று கேட்டார். முதலாவதில் உள்ளதெல்லாம் இரண்டாவதில் இருக்கிறது, இரண்டாவதில் இல்லாததெல்லாம் மூன்றாவதில் இருக்கிறது, மூன்றாவது இப்போது நிறுத்தப்பட்டுவிட்டது என்று ஆலோசகன் பொறுமையாக விளக்கினான். குஷன்காரருக்குத் தலை சுற்றியது. யோசித்துவிட்டு வருகிறேன் என்று பக்கத்து மாளிகைக்குள் நுழைந்தார்.

அங்கே நாற்காலியில் யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பின்கதவைத் திறந்துகொண்டு, அதே இளைஞன் நீல டையை இறுக்கியபடி மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தான்.

"வாங்கப்பா. முதல் தடவையா வர்றீங்களா?"

"இப்பத்தானே தம்பி அங்க பேசிட்டு வந்தேன். உங்கிட்டதான்."

"அங்க பேசினது அவங்க ஆளுப்பா. ரொம்ப மோசம். கனவு அது இதுன்னு கேட்டுத் தலையில கட்டிடுவாங்க. சரி, உங்க லட்சியம் என்ன, சொல்லுங்க."

மூன்றாவது மாளிகையில் அவன் பச்சை டையோடு வந்தான். டை காதுக்குக் கீழே கோணலாகத் தொங்கியது. "அந்த ரெண்டு கம்பெனியும் ஒண்ணுதாம்ப்பா. நாங்க மட்டும்தான் தனி" என்று சொல்லிவிட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தான். குஷன்காரருக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பெற்ற பிள்ளை இப்படி ஓடினால் யாருக்குத்தான் மனசு கேட்கும். இனி அலைக்கழிக்க வேண்டாம் என்று பழைய கம்பெனிக்கே திரும்பி, அவன் மஞ்சள் டை கட்டிக்கொண்டு வரும்வரை காத்திருந்து, அவன் காட்டிய போனையே வாங்கிக்கொண்டார். நம்பர் மாறாதே என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"நம்பர் உங்க பிறப்புரிமைப்பா. இந்தக் கேமராவப் பாத்து ஒரு தடவ சிரிச்சீங்கன்னா இணைப்புக்கு உயிர் வந்துடும்."

முகத்தைச் சரிபார்க்கும் இயந்திரம் சிரித்த முகத்தை மட்டும்தான் ஏற்றுக்கொள்ளுமாம். மகிழ்ச்சியில்லாதவருக்கு இணைப்புக் கொடுப்பது கம்பெனியின் கொள்கைக்கு விரோதம். குஷன்காரர் பல்லைக் காட்டினார். 'மகிழ்ச்சி போதவில்லை' என்றது இயந்திரம். உதட்டை இழுத்தார். 'இந்த நபர் வேறு நபர்' என்றது. ஊழியர்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி கிச்சுகிச்சு மூட்டலாமா என்று மேலிடத்தில் அனுமதி கேட்டாள். கடைசியில் குஷன்காரர் கண்ணை மூடிக்கொண்டு, தையல் மெஷின் மேல் போன் ஒரு தரம் கிணுங்கி அடங்குவதை நினைத்துப் பார்த்தார். இயந்திரம் உடனே ஏற்றுக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"இன்னொரு சந்தோஷமான சேதிப்பா. உங்களுக்கு 'அமைதிக் காவல்' இலவசமா சேந்து வருது."

"அது என்ன தம்பி?"

"உங்க நிம்மதியக் கெடுக்கறது எதுவா இருந்தாலும் அது பாத்துக்கும். வேணாம்னு சொல்ல முடியாது, இலவசமாச்சே."

சோதித்துப் பார்க்க ஆலோசகன் தன் போனிலிருந்து அடித்தான். மாளிகையே அதிர மணி அடித்தது. குஷன்காரர் திருப்தியோடு கிளம்பினார்.

அன்று சாயங்காலம் போன் அடிக்கவில்லை.

விருந்தாளி யாராவது வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். மறுநாளும் அடிக்கவில்லை. அதற்கு மறுநாள் அவர் இருட்டும்வரை மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பணிமனையில் ஒருவரும் நகரவில்லை. கடைசியில் போர்மேன்தான் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒரு எட்டு நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடுய்யா. நான் சமாளிச்சுக்கறேன்."

"கூப்பிடாம போகக் கூடாதுண்ணே. நான் போனா அவ வாங்குவா."

போனால் அவளுக்கு அடி. போகாவிட்டால் தன் நெஞ்சுக்குள் இடி. தனக்கு வலிக்கிற வழியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அவர் கம்பெனிக்குப் போனார். கோளாறு போனில்தான் இருக்க வேண்டும், மகளிடம் இல்லை என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனார்.

புகார் என்ற சொல் கம்பெனியில் தடை செய்யப்பட்டிருந்ததால், அவரைக் 'குறை நிறை பகிரும் அறை'க்கு அனுப்பினார்கள். அங்கே குடும்ப நல மேலாளர் ஒரு பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க லைன் அருமையா இருக்குப்பா. உங்கள யாரும் கூப்பிடல. அவ்வளவுதான் விஷயம். கூப்பிட ஆள் இல்லன்னா அதுக்குக் கம்பெனி என்ன பண்ணும், சொல்லுங்க. ஆனாலும் உங்களக் கைவிட மாட்டோம். 'துணைக்குரல்'னு ஒரு திட்டம் இருக்கு. தினம் சாயங்காலம் ஒரு பொண்ணோட குரல் கூப்பிட்டு, 'அப்பா, நல்லா இருக்கீங்களா'ன்னு கேக்கும். பதிவு பண்ண குரல்தான், ஆனா பாசத்துல ஒரு குறை இருக்காது."

"என் பொண்ணு இருக்காங்க. தினம் அடிப்பாங்க. ஒரு ரிங் விட்டு கட் பண்ணுவா. அதான் எங்களுக்குக் கணக்கு."

மேலாளரின் முகம் மாறியது. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அதாவது அடிச்சுட்டு, எடுக்கறதுக்கு முன்னாடி கட் பண்றது. ஒரு பைசா குடுக்காம சேதி அனுப்பறது. இதப் பல வருஷமா பண்றீங்க. இதுக்கு எங்க பாஷையில 'ஒலித் திருட்டு'ன்னு பேருப்பா. எடுத்துப் பேசினாத்தான் அது அழைப்பு. பேசலன்னா அது அழைப்பே இல்ல. இல்லாத ஒண்ணு வரலன்னு நீங்க வந்து நிக்கறீங்க."

"தப்புதாங்க. இந்த ஒரு தடவ அது வந்துச்சா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. கால்ல வேணாலும் விழறேன்."

"குடும்பத்துக்குள்ள காலெல்லாம் எதுக்கு. விழிப்புணர்வு வகுப்பு ஒண்ணு இருக்கு. அத முடிச்சு சான்றிதழ் வாங்கிட்டு வந்தீங்கன்னா உங்க விவரம் முழுக்கத் திறந்து பாக்கலாம்."

வகுப்பில் அவரைப் போன்ற திருடர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். வாசலில் பாலை வைத்துவிட்டு ஒரு ரிங் விடுகிற பால்காரம்மா. கேட்டுக்கு வந்துவிட்டேன் என்பதற்கு ஒரு ரிங் விடுகிற ஸ்கூல் வேன் டிரைவர். புருஷன் வெளிநாட்டில் வேலை முடித்து அறைக்குத் திரும்பியதும் விடுகிற ரிங்குக்காகக் கண் விழித்துக் கிடக்கிற ஒரு பெண். பயிற்சியாளர் எல்லோரையும் நிற்கவைத்து, "எடுப்பேன், பேசுவேன், நிறையப் பேசுவேன்" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லச் சொன்னார். அந்தப் பெண் சொல்லும்போதே அழுதுவிட்டாள். மனம் திருந்திவிட்டதற்கு அடையாளம் என்று அவளுக்கு மட்டும் வகுப்பைச் சீக்கிரம் முடித்து அனுப்பினார்கள். குஷன்காரருக்கு அழுகை வரவில்லை. சாயங்காலம் ஆக ஆக அவர் கை மட்டும் பையிலிருந்த போனைத் தடவிக்கொண்டே இருந்தது. எனவே அவர் முழு வகுப்பும் உட்கார வேண்டியதாயிற்று.

சான்றிதழ் வாங்கப் போன அன்று மாளிகையில் மேடை போட்டிருந்தது. அமைதிக் காவலின் வெற்றி விழாவாம். அவரைக் கண்டதும் மேலாளர் ஓடிவந்து கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றினார். இந்த வட்டாரத்திலேயே அதிகமாகக் காப்பாற்றப்பட்ட குடும்ப உறுப்பினர் அவர்தானாம். மண்டலத் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"மனுஷனுக்கு எப்ப நிம்மதி? யாரும் கூப்பிடாதப்பதான் நிம்மதி. இத நான் அனுபவத்துல சொல்றேன். என் போன்லயும் இந்தக் காவல போட்டிருக்கேன். என் பசங்க குரல நான் கேட்டே ரொம்ப நாளாச்சு. வீட்டுல அப்படி ஒரு அமைதி. இப்ப இந்த அப்பா விஷயத்துக்கு வருவோம். இவருக்கு ஒரே நம்பர்லேருந்து ஒருத்தன் தினம் தொல்லை குடுத்திருக்கான். சாயங்காலம் ஆனா அடிக்கறது, எடுக்கறதுக்குள்ள கட் பண்றது. நம்ம காவல் விடுமா? முதல்ல ஒரு தடவ அடிச்சான், தடுத்தோம். அப்புறம் ஒரு நாள் ரெண்டு தடவ அடிச்சான், தடுத்தோம். மறுநாளும் ரெண்டு. அதுக்கு மறுநாள் பொழுதுக்கும் அடிச்சிருக்கான். ஒண்ணுகூட இந்த அப்பா காதுல விழல. இதுல அழகு என்னன்னா, அடிக்கறவன் காதுல ரிங் போற மாதிரியே கேக்கும். அவனோட மனசும் புண்படக் கூடாதுல்ல. இப்பல்லாம் சத்தமே இல்ல. எதிரி ஓடிட்டான்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கம்பெனியின் பெயரைப் பெரிதாக அச்சடித்த மஞ்சள் மேல்சட்டை ஒன்றை யாரோ அவருக்கு மாட்டிவிட்டார்கள். அவர் கைகளை அவர்களே தூக்கித் தூக்கிச் சட்டைக் கைக்குள் நுழைத்தார்கள்.

"ரெண்டு தடவையாங்க?" என்று கேட்டார் குஷன்காரர்.

"ரெண்டேதாம்ப்பா. கவலைப்படாதீங்க. உங்களுக்கு ஒண்ணும் கேட்டிருக்காது."

மேடையிலிருந்து இறங்கியதும், நடுவில் இருந்த நாற்காலிகளை விலக்கியதும், பஸ் ஏறியதும் அவருக்கு ஞாபகமில்லை. பஸ்ஸில் அவர் கையாலேயே தைத்த சீட்டு காலியாக இருந்தது. உட்காராமல் வழி முழுக்க நின்றுகொண்டே போனார். அப்பா வரவில்லை என்று அவள் நினைத்திருப்பாள் என்பதைவிட, ரிங் போனதே, அப்பா கேட்டிருப்பாரே என்று நினைத்திருப்பாள் என்பதுதான் அவரைக் கொன்றது.

கதவைத் தட்டினார். மகளே வந்து திறந்தாள். கையில் சோப்பு நுரை. இடது கண்ணுக்குக் கீழே அடிபட்டுக் கன்றிய இடம் மஞ்சள் பூத்து ஆறிக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்தாள், மேல்சட்டையைப் பார்த்தாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்ப்பா வந்தீங்க?" என்றாள், மெதுவாக.

"நீ ரெண்டு தடவ அடிச்சியாம்மா."

"அது போன வாரம்ப்பா."

"எனக்குக் கேக்கலம்மா. சத்தியமா கேக்கல. புதுப் போன் வாங்கினேன். அந்தப் பாவிங்க உள்ள என்னத்தையோ வெச்சு, நீ அடிச்சதையெல்லாம் என்கிட்ட விடாம தடுத்துட்டாங்க. இன்னிக்குத்தான் தெரியும். தெரிஞ்ச உடனே ஓடி வந்தேன்."

அவள் கேட்டுக்கொண்டாள். தலையை ஆட்டினாள்.

"நம்பறேம்ப்பா" என்றாள். யாருக்கோ சொல்வது போல இருந்தது.

"கெளம்பும்மா. ஒண்ணும் எடுக்க வேணாம். இப்படியே வா."

"அன்னிக்கு பைய எடுத்துக்கிட்டு வாசல் கேட் பக்கத்துல நின்னேம்ப்பா. ஒவ்வொரு பஸ்ஸா நின்னுச்சு. ஒவ்வொரு தடவையும் நீங்க எறங்கறீங்களான்னு பாத்தேன். மறுநாளும் நின்னேன். மூணாம் நாள் அத்தை வந்து, 'உங்கப்பன் வரமாட்டான், உள்ள வாடி'ன்னு கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாங்க. கல்யாணமாகி வந்ததுலேருந்து அந்த அம்மா சொன்னதுல அது ஒண்ணுதாம்ப்பா சரியா இருந்துச்சு." நுரைக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "அதுக்கப்புறம் போன நானே அவங்ககிட்ட குடுத்துட்டேன். யாருக்கு அடிக்கப்போறேன் இனிமே. இப்ப கொஞ்ச நாளா யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. மறுபடியும் அந்தப் பைய எடுக்கற தெம்பு எனக்கு இல்லப்பா."

"நான் எடுத்துக்கறேம்மா. பைய நான் தூக்கிக்கறேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பார். அவர் கை அவள் பக்கம் நீண்டு பாதியில் நின்றது.

உள்ளே டிவியின் சத்தம் குறைந்தது.

"யாருடி வாசல்ல, இவ்வளவு நேரம்?" என்றது மாமியாரின் குரல்.

மகள் ஒரு கணம் அவர் கண்ணைப் பார்த்தாள். பிறகு அவர் நெஞ்சில் கொட்டை எழுத்தில் இருந்த பெயரைப் பார்த்தாள்.

"போன் கம்பெனிலேருந்து வந்திருக்காங்க அத்த" என்றாள்.

"நமக்கு எதுவும் வேண்டாம்னு சொல்லி அனுப்பு."

"எங்களுக்கு எதுவும் வேண்டாங்க" என்று உள்ளே கேட்கும்படி அவரிடம் சொல்லிவிட்டு, மகள் கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள்.